மாணவர் கூட்டத்தின் எழுதாச் சட்டம்

சென்ற திங்களில் ஒரு நாள் மாலை, தோட்டத்து அலுவலகத்திற் கணக்கேட்டை மூடி எழும் வேளையில், செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளர் ஒருவர் தம் மகளுடன் வந்து வாயிற்படியருகே நின்றார். அப்பெண் ஆறாம் படிவத்தை முடித்துத் தேர்விலும் நன்கு தேறியவள். அக்குடும்பத்திற் பல்கலைக்கழகம் செல்லவிருக்கும் முதற் பிள்ளை. விண்ணப்பம் நிரப்ப நமது துணையை நாடி வந்திருந்தனர். எந்தத் துறையை முதலாவதாகக் குறிப்பது என்று வினவினோம். "தமிழ்" என்றாள் அப்பெண், சிறிதும் தயங்காமல். தந்தையார் ஒரு கணம் அவளையும் மறுகணம் நம்மையும் பார்த்தார். "கிராணி ஐயா, தமிழ் எடுத்துப் படிச்சா அங்கே மத்தப் பிள்ளைங்க இவளை மதிப்பாங்களா?" என்று கேட்டார்.

வேலை கிடைக்குமா என்று அவர் கேட்கவில்லை. சம்பளம் எவ்வளவு என்றும் கேட்கவில்லை. மதிப்பார்களா என்றே கேட்டார். உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. உண்மையைச் சொல்வதாயின், "கணக்கியல் எழுதுங்கள்" என்னும் சொல்லே முதலில் நம் நுனிநாவில் வந்து நின்றது. அச்சொல் எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு நெடுநேரம் எண்ணினோம். அவ்வெண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

கல்லூரிக்கு இருவகைச் சட்டங்கள் உண்டு. ஒன்று அச்சிட்டு ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுக்கப்படுவது. வகுப்புக்கு வரவேண்டிய நேரம், தேர்வுக் கட்டணம், விடுதியின் கதவடைக்கும் பொழுது ஆகியன அதில் அடங்கும். மற்றொன்று எவரும் எழுதாதது; எனினும் எல்லாரும் அறிந்தது. யார் யாருடன் அமர்ந்து உண்பது, யாரைக் கண்டால் எழுந்து நிற்பது, எம்மொழியிற் பேசினால் நாகரிகம், எப்பாடம் படிப்போன் தலை நிமிர்ந்து நடக்கலாம், எப்பாடம் படிப்போன் அதனைச் சொல்லக் கூசவேண்டும் என்பன அவ்வெழுதாச் சட்டத்தின் பிரிவுகள். முதற் சட்டத்தை மீறினால் அபராதம். இரண்டாவதை மீறினால் ஏளனம். அபராதத்தினும் ஏளனமே இளைஞரை மிகுதியும் வாட்டுகிறது என்பது படித்தோர் யாவரும் அறிந்ததே.

இவ்வெழுதாச் சட்டம் கல்லூரி மதிலுக்குள் தானே முளைத்ததன்று; வெளியேயிருந்து உள்ளே கொண்டுவரப்பட்டது. அதனைத் தெளிவாகக் காண நாம் முதலிற் கல்லூரியை விட்டுத் தோட்டத்துச் செம்மண் சாலைக்கு வரவேண்டும்.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியிற் கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலை நிறுத்தஞ் செய்தனர். நாளடைவில் அது சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. ஆர். எச். நாதன் என்பார் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றார். அவ்வாண்டு மே மாதத்தில் அவர் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் நீத்தனர். அன்று தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளிற் கூலி உயர்வும், மருத்துவ வசதியும், பிள்ளைகளுக்குக் கல்வியும், கள்ளுக்கடை மூடலும் இருந்தன. அவற்றினிடையே, துரையோ ஆசிய அலுவலரோ எதிர்ப்பட்டாற் சைக்கிளை விட்டு இறங்க வேண்டுமென்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது.

நேயர்கள் இதனைச் சற்றே கவனிக்க வேண்டும். தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டுமென்று எந்தத் தொழிற் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆயினும் தோட்டத்தில் அதனை அறியாதார் ஒருவருமிலர். தந்தை மகனுக்குக் கற்பித்தான்; மூத்தவன் இளையவனைக் கடிந்து இறக்கினான். மேலும் அவ்வழக்கம் வெள்ளைத் துரைக்கு மட்டும் உரியதாயில்லை. அலுவலகத்திலிருந்த ஆசிய அலுவலரும் அம்மரியாதையை எதிர்பார்த்தனர். அவ்வலுவலருட் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழரும் மலையாளிகளும் ஆவர். ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர்கள். 'கறுப்பு ஐரோப்பியர்' என்று அவர்களைக் குறிக்கும் சொல் அன்று வழங்கியது. தமிழ் கற்ற அலுவலரை அமர்த்துக என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று. இன்று அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் நாம், அவ்வரியைப் படிக்குந்தோறும் தலை குனிகின்றோம்.

எழுதாச் சட்டத்தின் இயல்புகள் மூன்றும் இச்சைக்கிள் வழக்கத்திலே விளங்குகின்றன. அதற்கு ஏடு இல்லை. அதனாற் கீழ்ப்படுவோனே அதனைத் தன் பிள்ளைக்குக் கற்பிக்கிறான். ஒருபடி மேலேறியவன், தான் பட்டதைக் கீழுள்ளவனுக்குச் செய்யும்போது தனக்கும் உயர்வு வந்ததாக மகிழ்கிறான். இம்மூன்றையும் மனத்திற் கொண்டு இனிக் கல்லூரிக்குட் புகுவோம்.

மலாயாவில் உயர்கல்வியின் தொடக்கம் 1905இற் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட மருத்துவப் பள்ளி. பின்னர் அது ஏழாம் எட்வர்ட் மன்னர் பெயர் தாங்கிய மருத்துவக் கல்லூரியாயிற்று. கலைப்பாடங்களும் அறிவியலும் கற்பிக்க இராபிள்ஸ் கல்லூரி 1928இல் திறக்கப்பட்டது. இவ்விரண்டும் இணைந்தே 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. இரண்டு கல்லூரிகளுக்கிடையே மாணவர் மனத்தில் ஓர் ஏற்றத்தாழ்வு நிலவிற்று. மருத்துவம் படிப்போன் மேல். இலக்கியமும் வரலாறும் படிப்போன் அதற்குக் கீழ். இந்தத் தரவரிசையை வகுத்தவர் பேராசிரியர் அல்லர். அரசாங்கத்தின் சம்பளப் பட்டியலே வகுத்தது.

போருக்கு முன்பு மலாயாச் சிவில் சர்வீஸின் கதவு இந்தியர்க்கும் சீனர்க்கும் அடைபட்டே கிடந்தது. எத்துணைக் கற்பினும் அவர்கள் அங்கே புகுதல் இயலாது. மருத்துவம் ஒன்றே அவர்கள் எட்டக்கூடிய உயர்ந்த கிளை. அதிலுங்கூட ஆசிய மருத்துவர் துணை அதிகாரி என்ற நிலையிலேயே பெரும்பாலும் நிறுத்தப்பட்டார். இராபிள்ஸ் கல்லூரியிற் படித்தவர்க்கோ பள்ளியாசிரியர் பணியே பெரும்பாலும் காத்திருந்தது. ஆகவே எப்பாடம் எத்துணை அறிவு தரும் என்பதன்று, எப்பாடம் எந்த நாற்காலி தரும் என்பதே மதிப்பின் அளவுகோலாயிற்று. திங்கள்தோறும் சம்பளப் பட்டியல் எழுதும் நமக்கு இவ்வளவுகோல் மிகவும் பழக்கமானது. பட்டியலின் உச்சியிலுள்ள பெயருக்கு அலுவலகமே எழுந்து நிற்கும். அடியிலுள்ள பெயரை யாரும் முழுவதும் உச்சரிப்பதுமில்லை.

தமிழகத்திலும் இதே கதைதான். சென்னை மாகாணத்துப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழாசிரியருக்கு மற்ற ஆசிரியரினும் குறைந்த ஊதியமே கொடுக்கப்பட்டது. ஊதியம் குறைந்ததால் மதிப்புக் குறைந்தது; மதிப்புக் குறைந்ததால் மாணவர் தமிழ்ப் பண்டிதரை எள்ளி நகையாடுவது வகுப்பறை வழக்கமாயிற்று. அவ்வகுப்புகளில் அமர்ந்து சிரித்தவர்களே பிற்காலத்தில் அதிகாரிகளாயும் பெற்றோராயும் ஆகித் தம் பிள்ளைகளிடம் "தமிழ் படித்து என்ன செய்வாய்?" என்று கேட்டனர். சம்பளப் பட்டியலின் கீழ்வரிசை இவ்வாறே ஒரு மொழியின் தலைமேல் ஏறிற்று.

நமது வட சிலாங்கூருக்கு அண்மையிலேயே இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. களும்பாங் தோட்டங்களிலிருந்து வடக்கே சில கல் தொலைவிற் பேராக் எல்லைக்குள் தஞ்சோங் மாலிம் இருக்கிறது. அங்கே 1922இல் மலாய் ஆசிரியர்களுக்காகச் சுல்தான் இத்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தோன்றியது. அதற்கு முன்னரே, 1905இல், கோலகங்சாரில் மலாய்ப் பிரபுக்களின் புதல்வர்க்காக ஒரு கல்லூரி ஏற்பட்டிருந்தது. கோலகங்சாரிற் பயின்றோர் ஆங்கிலங் கற்று அரசாங்க அதிகாரிகளாயினர். தஞ்சோங் மாலிமிற் பயின்றோர் உழவர், மீனவர் பிள்ளைகள், தாய்மொழியிலேயே கற்றனர், கற்றபின் தம் கிராமத்துப் பள்ளிக்கே திரும்பினர். சம்பளப் பட்டியலின்படி பார்த்தால் இவர்கள் தாழ்ந்தோர். ஆனால் மலாய் மொழிக்குப் பாடநூலும் இலக்கியமும் தந்ததிற் பெரும்பங்கு இவர்களுடையது. 1938இல் மலாய் இளைஞர் சங்கத்தைத் தோற்றுவித்த இப்ராகிம் யாக்கோப் இக்கல்லூரியிற் பயின்றவரே. தம் மொழியைப் படிப்பது தாழ்வன்று என்ற எண்ணம் அக்கல்லூரியின் எழுதாச் சட்டமாய் அமைந்தமையால் விளைந்த பயன் இது. இன்று சுல்தான் இத்ரிஸ் கல்வியியற் பல்கலைக்கழகமாகத் திகழும் அவ்விடத்திலே தமிழாசிரியரும் பயிற்சி பெறுகின்றனர் என்பதை நேயர்கள் மகிழ்வுடன் குறித்துக்கொள்ளலாம்.

இனி, மூத்த மாணவர் இளைய மாணவரை நடத்தும் முறையை நோக்குவோம். பகடிவதை என்று இன்று நாம் வழங்கும் தீய வழக்கம் சீமைக் கல்லூரிகளிலிருந்து நமது கல்லூரிகளுக்கு வந்தது. புதிதாய்ச் சேர்ந்தவன் மூத்தோர் முன் கோமாளியாக வேண்டும்; அவர் ஏவியதைச் செய்ய வேண்டும்; மறுத்தாற் கூட்டத்தினின்று விலக்கப்படுவான். 1940இல் இராபிள்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, பிற்காலத்திற் சிங்கப்பூரின் பிரதமராய் விளங்கிய லீ குவான் இயூ, தாம் அங்கே பட்ட பகடியைத் தம் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். இதனை ஆதரிப்போர் கூறுஞ் சமாதானம், "நட்பு வளர்க்கிறோம், கூச்சத்தைப் போக்குகிறோம்" என்பதே. தோட்டத்திற் சைக்கிளை விட்டு இறக்கியவரும் "ஒழுங்கு கற்பிக்கிறோம்" என்றுதான் கூறியிருப்பர்.

இந்த நட்பின் விலையைத் தமிழர் இருமுறை பெருந்துயரத்தோடு கொடுத்தனர். 1996ஆம் ஆண்டு நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் ஒருவர், மூத்த மாணவர் ஒருவராற் கொலை செய்யப்பட்டார். தமிழ்நாடே அதிர்ந்தது. மறுவருடமே தமிழ்நாட்டரசு பகடிவதைத் தடைச் சட்டத்தை இயற்றிற்று. அதே 1997இல், இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் பயின்ற தமிழ் மாணவர் ஒருவர், மூத்தோர் கட்டளைப்படி அளவு கடந்த உடற்பயிற்சி செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் பழுதாகி மாண்டார். 1998இல் இலங்கையிலும் தடைச் சட்டம் நிறைவேறியது. நமது நாட்டிலும், 2017ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தேசியப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் உடன் பயின்றோரின் வதையால் இறந்தார். ஒரு நாட்டிலன்றி மூன்று நாடுகளில் இது நிகழ்ந்தமையின், சில தீயவர் செயலென்று தள்ளிவிடுதல் இயலாது. ஒருவரை ஒருவர் தாழ்த்துவதே கூட்டத்திற் சேரும் நுழைவுச் சீட்டு என்ற விதியே குற்றவாளி.

விதி குற்றவாளியாயின் அதனை மாற்றுதல் கூடுமா? கூடும் என்பதற்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்றுகள் உள. அவற்றுள் இரண்டு உணவுப் பந்தியைப் பற்றியவை.

திருநெல்வேலிச் சீமையிலே சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் 1922இல் ஒரு குருகுலம் நிறுவினார். தேசபக்தியையும் தமிழையும் வளர்க்கும் நன்னோக்கங் கொண்டு அது தொடங்கப்பட்டது. பொதுமக்கள் பணமும் காங்கிரஸ் நிதியும் அதற்குச் சென்றன. ஆனால் அங்கே பிராமண மாணவர் சிலர்க்குத் தனிப்பந்தி வைக்கப்பட்டது வெளியாயிற்று. பெரியார் ஈ. வெ. ராமசாமியும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் இதனை வன்மையாய்க் கண்டித்தனர். 1924, 1925 ஆண்டுகளிற் சென்னை மாகாணத்து அரசியலையே அது கலக்கிற்று. ஒரு பள்ளியிற் சில சிறுவர் எங்கே அமர்ந்து உண்பது என்பது இத்துணைப் பெரிய செய்தியா என்று அன்று சிலர் வினவினர். ஆம், பெரிய செய்தியே. ஏனெனிற் சிறுவன் பாடநூலிற் படிப்பதை மறந்துவிடக்கூடும். பந்தியிற் படித்ததை ஒருபோதும் மறப்பதில்லை.

சேரன்மாதேவியிற் பெரியவர்கள் போராடினர். யாழ்ப்பாணத்திலோ மாணவர்களே முன்வந்தனர். 1924இல் அங்கே மாணவர் காங்கிரஸ் ஒன்று தோன்றியது. பின்னர் அதுவே வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹண்டி பேரின்பநாயகம் அதன் தலைவர்களுள் முதன்மையானவர். சாதிக் கட்டுப்பாடு மிகுந்த அக்குடாநாட்டிலே, தம் மாநாடுகளில் எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் சமபந்தி போசனத்தை அவ்விளைஞர் நடத்திக் காட்டினர். 1927இற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்திற்கு அழைத்தவரும் அவர்களே. பள்ளிகளிலே தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் தரையிலன்றி மற்றவரோடு ஒரே ஆசனத்தில் அமர வேண்டுமென்ற கிளர்ச்சியும் அக்காலத்தது. அதனைப் பொறாத சிலர் பள்ளிக்கூடங்களுக்குத் தீவைக்கவும் துணிந்தனர். ஒரு பலகைக்காகப் பள்ளியையே எரிப்பார்களாயின், எழுதாச் சட்டத்தின் வலிமை எத்தகையது என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்க. அத்தகைய வலிமையையும் எதிர்த்து மாணவர் சங்கம் ஒன்று நிற்கக் கூடும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

யாழ்ப்பாணத்துச் செய்தி நமக்கு அயலதன்று. கோலசிலாங்கூர் முதல் ரவாங் வரையிலுள்ள தோட்டத்து அலுவலகங்களுக்கு யாழ்ப்பாணத்தினின்று பலர் பெட்டியுடன் வந்தனர். அப்பெட்டியில் ஆங்கில இலக்கணமும் இருந்தது; ஊரின் ஏற்றத்தாழ்வும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வாலிபர் காங்கிரஸின் சமபந்தி மட்டும் பலருடைய பெட்டியில் இடம் பெறவில்லை.

மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மாணவர் சிலர் எழுதாச் சட்டத்தை மீறினர். படித்தவன் பட்டம் பெற்று உத்தியோகம் ஏற்க வேண்டும், அரசியலைத் தொடலாகாது என்பது அன்றைய வழக்கு. அவரவர் இனத்தாரோடு கூடியிருத்தலும் வழக்கு. 1953இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகச் சோசலிசக் கழகம் இவ்விரண்டையும் தாண்டியது. அதன் ஏடாகிய 'பஜார்' என்னும் 'வைகறை'யில் வெளிவந்த ஒரு தலையங்கத்திற்காக 1954 மே மாதத்தில் மாணவர் எண்மர் மீது அரச நிந்தனை வழக்குத் தொடரப்பட்டது. அவ்வெண்மருட் சீனரும் தமிழரும் மலையாளியும் கலந்திருந்தனர். எம். கே. இராஜகுமார், பி. அருட்சோதி ஆகிய தமிழர் அவருள் அடங்குவர். இலண்டனிலிருந்து டி. என். பிரிட் வந்து வாதாடினார். லீ குவான் இயூ துணை நின்றார். ஆகஸ்டு மாதத்தில் எண்மரும் விடுதலை பெற்றனர். இராஜகுமார் மருத்துவ மாணவர். மருத்துவம் படிப்போன் மக்கள் அரசியலைப் பேசலாகாது என்ற விதியை அவர் ஏற்கவில்லை. பின்னாளில் மருத்துவராகவும் தொழிற்கட்சித் தலைவராகவும் விளங்கினார்.

எனினும் ஒரு குறையைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. இனவேற்றுமை கடந்த அக்கழகத்தார் ஆங்கிலத்தாலேயே ஒன்றுபட்டனர். புக்கிட் ரோத்தானிலோ பத்தாங் பெர்ஜுந்தையிலோ பால்மரம் வெட்டியவர், தம் விடுதலையைப் பற்றி எழுதப்பட்ட அக்கட்டுரைகளைப் படித்தறிய வழியில்லை. ஒரு வேலியை அகற்றியவர் மற்றொரு வேலிக்குள்ளே நின்றனர்.

அந்த இரண்டாம் வேலியை அகற்றும் முயற்சி வேறொரு திசையிலிருந்து, அதே பத்தாண்டிலே, எழுந்தது. பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை ஒன்று அமைக்கும் பேச்சு வந்தபோது, அதிற் சமஸ்கிருதத்திற்கே முதன்மை தரவேண்டும் என்ற ஆலோசனை தலைகாட்டிற்று. இந்நாட்டு இந்தியருட் பெரும்பாலோர் தமிழராயிருக்க, அவர்தம் மொழிக்கு அங்கே தலைமையிடம் இல்லையெனிற் பொறுப்பதெங்ஙனம்? 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் தொடங்கினார். வணிகர் கொடுத்தனர், ஆசிரியர் கொடுத்தனர், தோட்டத் தொழிலாளரும் தம் கூலியினின்று கொடுத்தனர். பல்கலைக்கழக வாயிலையே கண்டிராத கைகள், அதன் தமிழ் நூலகத்திற்காகப் பணம் நீட்டின. 1956இல் துறை தோன்றியபோது தமிழே அதன் முதன்மை மொழியாயிற்று. பின்னர்த் துறை கோலாலம்பூருக்கு வந்தது. 1961இல் தனிநாயகம் அடிகள் அதன் தலைமையை ஏற்றார். 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரிலேயே கூடிற்று. உலகத்தின் பல திசைகளிலிருந்தும் அறிஞர் வந்தனர்.

இங்கே நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. இந்நாட்டுப் பல்கலைக்கழகத்திலே மருத்துவத்தையும் சட்டத்தையும் பொறியியலையும் நிறுவ வேண்டுமென்று தோட்டத் தொழிலாளர் கூலியிற் பங்கெடுத்துக் கொடுக்க நேர்ந்ததில்லை. தமிழ்த்துறைக்கே அவ்வாறு கொடுத்தனர். தொழிலாளர் பணத்தால் வளம் பெற்ற துறையிற் படிப்பதற்குத் தொழிலாளர் பிள்ளை நாணுவது எத்துணை விந்தை! சம்பளப் பட்டியல் இடும் வரிசை ஒன்று. வரலாறு இடும் வரிசை மற்றொன்று.

மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களின் பேரவையும் இத்துறையும் சேர்ந்து 1980களின் நடுப்பகுதியிலிருந்து நடத்திவரும் சிறுகதைப் போட்டியும், அதன் பயனாய் வந்த 'பேரவைக் கதைகள்' தொகுதிகளும் நேயர் பலர் அறிந்தவை. மாணவர் சங்கம் தன் வட்டத்திற்குள்ளேயே பாடி ஆடிக் கலைவதை விட்டு, நகரத்தாரும் தோட்டத்தாரும் எழுதியதைப் பெற்றுப் படித்து அச்சிட்டது. சங்கங்கள் தம் வழக்கத்தைத் தாமே வகுத்துக்கொள்ளலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

இன்றைய நிலை யாது? இரப்பர் மறைந்து செம்பனை வந்தது. தோட்டத்துத் தமிழர் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். குலை வெட்ட இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் வருகின்றனர். முன்பு பத்தாங் பெர்ஜுந்தை எனப்பட்டு இன்று பெஸ்தாரி ஜெயா என வழங்கும் நம் பக்கத்து ஊரிலேயே சிலாங்கூர்ப் பல்கலைக்கழகம் எழுந்து நிற்கிறது. செம்பனைத் தோட்டத்தினூடே பல்கலைக்கழகத்திற்குப் பேருந்து ஓடும் காலம் வந்துவிட்டது. ஆயினும் எழுதாச் சட்டம் முற்றும் ஒழிந்ததெனச் சொல்ல முடியவில்லை. தமிழ் மாணவர் ஒன்று கூடுமிடத்திலே நகரத்தான், தோட்டத்தான் என்ற பேச்சு இன்னும் கேட்கிறது. தேசியப் பள்ளியிலிருந்து வந்தவன் தமிழ்ப் பள்ளியிலிருந்து வந்தவனின் ஆங்கில உச்சரிப்பைப் பரிகசிக்கிறான். இளையோர் மூத்தோரை அண்ணா என்றும் அக்கா என்றும் விளிக்க வேண்டுமென்று வற்புறுத்துகின்றனர். அண்ணா என்பது இனிய சொல். ஆனால் அண்ணன் என்பவன் தம்பிக்குச் சோறு எடுத்து வைப்பவன். அச்சொல்லைக் கட்டளையிட்டு வாங்குபவன் அண்ணனல்லன், சைக்கிளை நிறுத்தும் துரை.

பிறரைக் கூறுமுன் நம்மையும் கூறவேண்டும். நாம் ஆங்கில வழியிற் பயின்றோம். விடுதியில் நம்முடன் தங்கிய மாணவருள் ஒருவன் தோட்டத்திலிருந்து வந்தவன். தமிழன்றி வேறு மொழி அவன் நாவில் எளிதாக வாராது. உணவுக்கூடத்தில் அவன் நம் மேசைக்கு வந்த முதல் நாள், நம்முள் ஒருவரும் அவனை வையவில்லை, விரட்டவுமில்லை. ஆங்கிலத்தில் மட்டும் பேசிக்கொண்டே உண்டோம், அவ்வளவே. மறுநாள் அவன் வேறு மேசைக்குச் சென்றான். பின்னர்த் தனியே உண்டான். ஆண்டு முடியுமுன் படிப்பை விட்டுப் போய்விட்டான் என்று கேள்வியுற்றோம். அவன் போனதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மேசையில் நாமும் இருந்தோம் என்பதை எந்தக் காரணமும் மாற்றுவதில்லை. நாமும் தமிழரே, நம் தந்தையாரும் தோட்டத்திலே பிறந்தவரே. எழுதாச் சட்டத்திற்குத் தடியும் துப்பாக்கியும் வேண்டியதில்லை. நம்மைப் போன்றோரின் அரைமணி நேர மௌனமே போதும்.

மாணவர் சங்கங்கள் தேவையில்லை என்பது நமது கருத்தன்று. தோட்டத்தினின்று முதன்முதலாக வெளியேறும் பிள்ளைக்குச் சங்கமே நிழல். எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் கொடுப்பது, உதவித்தொகை எங்கே பெறுவது, எந்தப் பேராசிரியரிடம் எப்படிப் பேசுவது என்பவற்றைச் சொல்லித் தரக் கூட்டம் வேண்டும். வேண்டாதது கூட்டமன்று, கூட்டத்திற் சேர ஒருவன் தன்னைச் சிறுமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற விதியே. அவ்விதியை ஒழிக்கச் சட்டமன்றம் கூடவேண்டியதில்லை. இரண்டாமாண்டு மாணவன், தான் முதலாண்டிற் பட்டதைத் தன்னோடு நிறுத்திக்கொண்டால் அன்றே அது ஒழிந்தது. பெற்றோர் கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் "உன் பிள்ளை என்ன படிக்கிறான்?" என்று கேட்டு, விடைக்குத் தக்கபடி முகத்தை மாற்றாதிருந்தால் பாதி ஒழிந்தது.

மறுநாள் அத்தந்தையையும் மகளையும் மீண்டும் வரச் சொல்லியிருந்தோம். வந்தனர். "ஐயா, என்ன முடிவு?" என்றார் அவர். சாரங்கபாணியின் நிதியைப் பற்றியும், தோட்டத்து மக்கள் கூலியிலிருந்து கொடுத்த பணத்தைப் பற்றியும் அவருக்குச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. "எங்க தாத்தாவும் குடுத்திருப்பாரோ என்னவோ" என்றார். மதிப்பார்களா என்ற அவர் கேள்விக்கு நாம் உறுதி கூறவில்லை. கூறினால் அது பொய்யாகும். சிலர் மதிக்கமாட்டார்கள் என்றே சொன்னோம். அப்பெண்ணிடம் மட்டும் ஒன்று கேட்டுக்கொண்டோம்: அடுத்த ஆண்டு நம் தோட்டங்களிலிருந்து இன்னொரு பிள்ளை அங்கு வந்து உணவுக்கூடத்திலே தட்டுடன் நிற்குமானால், நீ எழுந்து போய் உன் மேசைக்கு அழைத்து வா, அம்மா என்று. "சரி, ஐயா" என்றாள்.

விண்ணப்பத்தின் முதல் வரியில் தமிழ் என்றே எழுதினோம்.